மூணாவது கதவு

ஹலோ... ஹலோ! ஏன் இவ்வளவு நேரம் எடுக்கல?... என்னது, விளம்பரம் வரட்டும்னு இருந்தியா? இரு இரு. பின்னாடி என்ன சத்தம், டிவியா?... உன் தம்பியோட நிகழ்ச்சியா!

ஆமா... ஆமா... பாரு, தாராளமா பாரு. கட்டின புருஷன் இங்க எடிட்டிங் ரூம்ல முழி பிதுங்கி உக்காந்திருக்கேன், நீ அங்க உன் தம்பிக்குக் கை தட்டு.

பொறாமையா? எனக்கா? அவன் மேலயா?... சிரிக்காத! எங்கிட்ட கேமரா வயரைச் சுத்தி வச்சுக்கிட்டிருந்த பய அவன். தொழிலே நான்தான் கத்துக் குடுத்தேன்... சரி, நீ சொல்லித்தான் சேத்தேன். இப்ப அதுவா முக்கியம்?

நாளைக்கு மீட்டிங்... ம்... அதேதான். படுத்துக் கிடக்குற என் நிகழ்ச்சியை நிமித்துறதுக்கு ஒரு வழி சொல்லலைன்னா, என் சனிக்கிழமை நேரத்தையும் அவன்கிட்டயே குடுத்துடுவாராம் எங்க சேனல் ஹெட். அதான் கேக்குறேன், அப்படி என்னதான் இருக்கு அதுல? என் செட்ல கிரேன் இருக்கு, நெருப்பு இருக்கு, தண்ணித் தொட்டிக்குள்ள ஆளை இறக்குறேன்... அவன்கிட்ட?... கதவா? வெறும் கதவா?... ம்... கையில தட்டு... தட்டு நிறைய தண்ணி டம்ளர்... சிந்தாம மூணு கதவைத் தாண்டணும். அவ்வளவுதானா? இதை நம்ம வீட்லயே பண்ணலாமே!... "அதனாலதான் பாக்குறேன்"னா என்ன அர்த்தம்?

ஆமா, இப்ப துணி மடிக்கலையா நீ? என் நிகழ்ச்சி ஓடுறப்ப மட்டும் வீட்டுத் துணி பூரா மடிச்சு முடிச்சிடுறியே!... என்ன, என் போட்டிக்கு வர்ற ஆளுங்க மூஞ்சியில பயமே இல்லையா? எப்படி இருக்கும்? அதான் காலையிலயே ஒத்திகை பாத்துடுறாங்களே... நான்தான் பாக்கச் சொன்னேன். யாரும் சொதப்பாம இருந்தாத்தானே இருட்டுறதுக்குள்ள ஷூட்டிங் முடியும்... அவன் ஒத்திகையே பாக்க விடுறதில்லையா? யார் சொன்னா?... அவனேவா! உங்கிட்ட சொல்லியிருக்கான், எங்கிட்ட மூச்சு விடல பாத்தியா... ஆமா, வயிறு எரியுதுதான். நல்லா எரியுது. போதுமா?

சரி... சரி, கத்தாத. ஆரம்பிச்சிடுச்சா? யாரு போறது?... பஸ் டிரைவர். ம்... முதல் கதவை முதுகால தள்ளிட்டாரா... ரெண்டாவதை முட்டியால. விவரமான ஆளு. மூணாவது?... என்னது, இழுக்கணுமா? அடப்பாவி! ரெண்டு கையும் தட்டுல இருக்கே!... ஆங்கர் என்ன சொல்றான்?... ஒண்ணுமே பேசலையா? என் ஆளா இருந்தா இந்நேரம் தத்துவமா கொட்டியிருப்பான்...

தட்டைக் கீழ வைக்கக் கூடாதா?... அப்ப காலால? செருப்பைக் கழட்டச் சொல்லு!... அவருக்குக் கேக்காதுன்னு எனக்கும் தெரியும்மா!

இரு, இன்னொரு போன் வருது... எங்க ஹெட். மீட்டிங் விஷயமாத்தான் இருக்கும்... அடிக்கட்டும், அடிக்கட்டும். நீ சொல்லு. கைப்பிடியை எதால புடிச்சாரு?... பல்லாலயா!... அசையுதா?... ஏய், அசையுதான்னு கேக்குறேன்ல... என்னது, நான் வாயை மூடணுமா? சரி, மூடிட்டேன். போனை டிவி பக்கத்துல வை, போதும்...

ஹலோ?... ஏய், தொறந்துச்சா இல்லையா?... ஹலோ!... வச்சுட்டாளே!