கோணல் மூக்குக் கிளி

நன்றாகச் செய்யத் தெரிந்த வேலையை ஒருத்தி வேண்டுமென்றே கெடுத்தால் அது தவறா? எனக்கு இன்னும் விடை தெரியவில்லை.

போன வாரம் கைக்குழந்தையோடு கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குப் பஸ்ஸில் போனேன். முன் சீட்டில் அக்காளும் தங்கையுமாக இரண்டு முஸ்லிம் பெண்கள். தங்கை, தான் பூத்தையல் போட்ட தலையணை உறையை விரித்துக் காட்டினாள்.

“என்னாடி, கிளி மூக்கு கோணிக்கிட்டு நிக்குது?”

“வேணும்னேதான் அப்பிடி தெச்சேன், லாத்தா.”

“ஒனக்கு என்னா கிறுக்கா?”

“நல்லா இருந்தா எங்க வூட்டுக்காரவுங்க கடையில மாட்டி வித்துடுறாங்க. ஆசைக்கி தெச்சது போயி இப்ப எல்லாம் ஆர்டர்தான். கோணலா இருந்தா எவளும் கேக்க மாட்டா. எங்கிட்டயே கெடக்கும்.”

அக்காள் சிரித்தாள். “அப்ப நல்ல கிளியெல்லாம் ஊரார் வூட்டுல, கோணக் கிளியெல்லாம் ஒன் வூட்டுல. இதுல நீ யார ஜெயிச்ச?”

தங்கை உறையை மடித்தாள். “அதான் எனக்கும் வெளங்கல, லாத்தா.”

முட்லூரில் இருவரும் இறங்கிவிட்டார்கள்.

என் குழந்தையின் சட்டையில் நான் தைத்த வாத்தைப் பார்த்ததிலிருந்து, பிறருக்கும் கூலிக்குத் தைக்கலாமே என்று என் கணவர் சொல்லிவருகிறார். அவர் சொல்வதிலும் தப்பில்லை. சரி என்றேன். நேற்று அடுத்த வீட்டுக் குழந்தைக்காக முதல் சட்டையைத் தைத்தேன். வாத்தின் கழுத்து வளைந்துவிட்டது. கை தவறியதா, நானே வளைத்தேனா என்று எனக்கே தெரியவில்லை.

அதைப் பிரித்துத் தைக்கட்டுமா, என் குழந்தைக்கே போட்டுவிடட்டுமா? அனுபவமுள்ள சகோதரிகள் யாராவது சொல்லுங்கள்.