நான்கு பெயர் சூடிய ஒரே வகுப்பு

நம் அறக்கட்டளையின் கல்வித் திட்ட அலுவலராக முப்பதாண்டு பணியாற்றி, இன்று மாலையோடு மேசைச் சாவியை ஒப்படைத்து விடைபெறும் அம்மையார் அவர்களுக்கு, அலுவலகத்தார் அனைவரும் அன்போடும் அச்சத்தோடும் வாசித்தளிப்பது:

பணிவிலும் துணிவிலும் பழுதறியாத பெருந்தகையே, கொடுப்போர் மனத்தையும் கற்போர் குறையையும் ஒருங்கே அறிந்த உயர்ந்தவரே, எங்கள் பயணப்படி விண்ணப்பங்களை இரக்கமின்றித் திருப்பியனுப்பிய இரக்கக் கடலே, வணக்கம்!

அன்பு ஏன் என்பதை விளக்க வேண்டியதில்லை. அச்சம் ஏனென்றால், இம்மடலிலும் தாங்கள் பென்சிலால் அடிக்கோடிட்டு, "இதற்கு ஆதாரம்?" என்று ஓரத்தில் எழுதிவிடக்கூடும். ஆகவே ஆதாரமுள்ளவற்றை மட்டுமே சொல்லத் தீர்மானித்தோம். கடல் என்றது ஒன்றுதான் விதிவிலக்கு.

நிதி கொடுப்பவர் வகுப்பைப் பார்க்க வருகிறார் என்றால் எங்கும் முன்வரிசையில் மெத்தை வைத்த நாற்காலி போடுவார்கள். தாங்கள் அந்த நாற்காலிக்கு ஒரு புன்னகையைக் கொடுத்துவிட்டு, நேரே கடைசி பெஞ்சுக்குப் போய் உட்காருவீர்கள். அங்கிருந்து பார்த்தால்தான் கரும்பலகை தெரிகிறதா, ஆசிரியர் குரல் எட்டுகிறதா, மின்விசிறி யாருக்காகச் சுற்றுகிறது என்பதெல்லாம் விளங்கும் என்பீர்கள். 'கடைசி பெஞ்ச் மேடம்' என்று ஊரார் தங்களுக்கு வைத்த பெயர் அப்படி வந்தது. தங்கள் காதில் விழாதபடிதான் நாங்களும் இத்தனை காலம் அப்பெயரைச் சொல்லிவந்தோம் என்று நம்புகிறோம்.

அந்தப் பெஞ்சிலிருந்து எழுந்து வந்து தாங்கள் வாதாடிப் பெற்றவை எவையும் ஆண்டறிக்கையின் அட்டையில் போடத் தக்கவை அல்ல. கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள். தாய்மார் படிக்கும் நேரத்தில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவுக்குச் சம்பளம். கடைசிப் பேருந்து போனபின் மாணவியரை வீடு சேர்க்க ஒரு வேன். எங்கள் புகைப்படக்காரர் அந்தத் தாழ்ப்பாளை எல்லாக் கோணத்திலும் எடுத்துப் பார்த்தார். அது தாழ்ப்பாளாகவே இருந்தது. ஆனால் அது வந்தபிறகு வகுப்பை விட்டு எந்தப் பெண்ணும் பாதியில் நிற்கவில்லை.

அறம் அறிந்த அம்மையீர், மற்றப் பெருமைகளை ஆண்டறிக்கைகள் சொல்லும். அறிக்கைகள் சொல்லாத ஒன்றை, தலைவர் ஐயா முன்வரிசையில் அமர்ந்திருப்பதால் சற்று அடக்கியே, இங்கு சொல்கிறோம்.

சலவைக்கடை மாடியில் நடக்கும் அந்த மாலை வகுப்பை அறியாதவர் இங்கில்லை. சிறுவயதில் பள்ளியை விட்டவர்கள், துணி தேய்ப்போரும் பாத்திரம் கழுவுவோரும் வாயிற்காவலரும் வீட்டுவேலை செய்வோரும், வேலை முடிந்து வந்து தனித்தேர்வராய்ப் பத்தாம் வகுப்பு எழுதப் படிக்கும் இடம் அது. நம் அறக்கட்டளையின் விதியோ எந்தத் திட்டத்துக்கும் மூன்றாண்டுதான். அதன்பின் புதிய திட்டத்துக்கே நிதி. மூன்றாண்டில் வகுப்புக்கு வயதாகிவிடும் என்று எவரோ எப்போதோ முடிவு செய்திருக்கிறார்கள்.

ஆகவே மூன்றாண்டுக்கு ஒருமுறை அந்த வகுப்பு புதிதாய்ப் பிறந்தது. மாலை வகுப்பு, 'தொழிலாளர் திறன் மலர்ச்சி முன்னெடுப்பு' ஆயிற்று. அது முதிர்ந்து, 'வாழ்நாள் கற்றல் வலுவூட்டு மையம்' ஆயிற்று. பின்னர், எங்கள் அறிக்கைப் பிரிவின் புலமை பொங்கி வழிந்த ஒரு நன்னாளில், 'ஒருங்கிணைந்த இரண்டாம் வாய்ப்பு இயக்கம்' ஆயிற்று. வாத்தியார் அவரேதான், பெஞ்சும் அதேதான், கீழிருந்து இஸ்திரிப் பெட்டிச் சூடு தரைவழியே ஏறி எல்லோர் உள்ளங்காலையும் பதம் பார்ப்பதும் மாறவில்லை. பெயர்ப்பலகை எழுதும் ஓவியர் மட்டும், "உங்க புண்ணியத்துல மூணு வருஷத்துக்கு ஒரு வேலை நிச்சயம்" என்று வாழ்த்திவிட்டுப் போவார்.

இவ்வாண்டு அந்த ஏற்பாடு உடைந்தது. புதிய திட்டத்தில் படிப்போரும் புதியவராகவே இருக்க வேண்டும் என்று அறங்காவலர் குழு ஒரு நிபந்தனை சேர்த்தது. அதைக் கேள்விப்பட்ட இஸ்திரி அக்கா மாடிப்படியில் தங்களை வழிமறித்தார். அவர் கீழே சலவைக்கடையில் துணி தேய்த்துவிட்டு மேலே வந்து படிப்பவர். மற்றப் பாடங்களில் தேறிவிட்டார். கணக்கு மட்டும் இருமுறை கவிழ்த்துவிட்டது.

"மேடம், பழைய ஆளுங்க இனிமே வரக்கூடாதாமே. மூணாவது தடவை எழுதி எப்படியும் பாஸ் பண்ணிடலாம்னு இருந்தேன். அதுக்குள்ள நான் பழசாயிட்டேனா?"

"நீங்க கணக்கைப் பாருங்க. மத்ததை நான் பாத்துக்கறேன்" என்றீர்கள்.

அலுவலகம் திரும்பியதும் எங்கள் அறிக்கைப் பிரிவு வழக்கம்போல் முந்திக்கொண்டது. "கவலைய விடுங்க மேடம், அஞ்சாவது பேர் ரெடியா இருக்கு."

தாங்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தீர்கள். "திட்டத்துக்கு வேற பேர் வெச்சிடுவீங்க. அந்தம்மாவுக்கு என்ன பேர் வெப்பீங்க?"

அறிக்கைப் பிரிவு அன்று பகலுணவுக்குச் சீக்கிரமாகவே போய்விட்டது.

அறங்காவலர் கூட்டத்தில், ஒவ்வொரு திட்டத்துக்கும் கேட்கும் கேள்வியைத் தலைவர் ஐயா இதற்கும் கேட்டார். "இதுல புதுசு என்ன?"

"புதுசு ஒண்ணும் இல்லைங்க ஐயா. பழைய வகுப்புதான்."

"பழசுன்னா? போன தடவை குடுத்தோமே, அதுவா?"

"அதேதாங்க. அதுக்கு முந்தினதும் இதுதான். அதுக்கும் முந்தினதும், முதல்முதல்ல குடுத்ததும்."

தலைவர் ஐயா மூக்குக்கண்ணாடிக்கு மேலாகத் தங்களைப் பார்த்தார். மூட்டுவலியால் அவர் எந்தத் திறப்புவிழாவிலும் மாடி ஏறியதில்லை. வாசலில் ரிப்பன் வெட்டி, வாழ்த்திவிட்டுப் போய்விடுவார். "அப்ப நாலு தடவை நான் ரிப்பன் வெட்டினது ஒரே வாசல்லயா?"

"வாசல் ஒண்ணுதாங்க. ரிப்பன்தான் வேற வேற."

"படிக்கட்டை எங்கயோ பாத்த மாதிரி இருக்கேன்னு நினைச்சேன்" என்றார் பொருளாளர் அம்மா. எவரும் சிரிக்கவில்லை.

"எங்ககிட்ட மறைச்சிருக்கீங்க" என்றார் தலைவர். "ஓய்வு பெறப் போற நேரத்துல இதைச் சொல்றீங்க. உங்க பேரும் கெடும், வகுப்பும் நின்னு போகும். தெரியுமில்ல?"

"தெரியும்ங்க. பேரை மாத்தினது தப்புதான். இப்பவும் சொல்லாம விட்டா வகுப்பு இருக்கும். அதுல படிக்கிறவங்க இருக்க மாட்டாங்க."

முப்பதாண்டு கட்டிக்காத்த நற்பெயரை நான்கு வாக்கியத்தில் மேசைமேல் வைத்துவிட்டு, தாங்கள் அமைதியாகத் தண்ணீர் குடித்தீர்கள். தேநீர்த் தட்டோடு கதவருகே நின்ற நாங்கள்தான் அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் விழித்தோம். நேரில் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாகக் கூறித் தலைவர் எழுந்துவிட்டார்.

மறுவாரம், முழங்காலைப் பிடித்துக்கொண்டு, அவர் முதன்முறையாக அந்த மாடி ஏறினார். வாத்தியார் முன்வரிசை நாற்காலியைக் காட்டினார். தாங்கள் கடைசி பெஞ்சைக் காட்டினீர்கள். தலைவரின் நெடிய கால்கள் அதற்குள் அடங்க மறுத்தன. ஒருவழியாய் மடக்கி உட்கார்ந்தார். அதற்கு முந்தின பெஞ்சில் இஸ்திரி அக்கா ஒரு சமன்பாட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, ரெண்டு தடவை போயிடுச்சாமே. அலுக்கலையா?" என்று தலைவர் குனிந்து கேட்டார்.

அக்கா திரும்பவே இல்லை. "கொஞ்சம் இருங்க சார். இந்த இடத்துல விட்டா மறுபடி முதல்லேருந்து ஆரம்பிக்கணும்."

தலைவர் ஐயா நிமிர்ந்து உட்கார்ந்தார். வகுப்பு முடியும் வரை, சூடேறிய தரையில் கால் மாற்றி மாற்றி வைத்தபடி, அங்கேயே இருந்தார். அடுத்த கூட்டத்தில் அந்த வகுப்புக்கு மட்டும் மூன்றாண்டு விதியும் புதியவர் நிபந்தனையும் நீக்கப்பட்டன. தங்களைக் கண்டித்து ஒரு வரியும் அதே தீர்மானத்தில் இடம்பெற்றது. அதை நியாயம் என்று சொல்லித் தாங்களே கையெழுத்திட்டீர்கள். மற்றத் திட்டங்களுக்கு இன்னும் மூன்றாண்டுதான். அந்தச் சண்டையை எங்கள் பங்குக்கு விட்டுச் செல்கிறீர்கள். இதைக் கேட்டுத் தலைவர் ஐயா சிரிக்கிறார் என்று நம்புகிறோம். நிமிர்ந்து பார்க்கத்தான் துணிவில்லை.

இஸ்திரி அக்கா தேர்வு எழுதிவிட்டார். முடிவு இன்னும் வரவில்லை. வந்தாலும் வாராவிட்டாலும், தேறினாலும் தவறினாலும், அந்தப் பெஞ்சில் அவர் இடம் அவருக்கிருக்கிறது. தங்கள் பணிக்காலத்தின் பயன் யாதென்று எவரேனும் ஓரத்தில் எழுதிக் கேட்டால், நாங்கள் காட்டும் ஆதாரம் அதுவே.

மாதரசியே, மனத்திண்மையின் மறுவடிவே! சென்ற வாரம் ஓவியர் பலகையைச் சுரண்டினார். மேலிருந்த மூன்று நிற வண்ணமும் உதிர்ந்து, அடியில் 'மாலை வகுப்பு' என்பது மங்கலாய்த் தெரிந்தது. அதன்மேலேயே எழுதச் சொன்னீர்கள். முன்பெல்லாம் பலகையின் கீழே தொடக்க ஆண்டும் முடிவாண்டும் எழுதுவது வழக்கம். "கீழ வருஷம் என்ன போடணும் மேடம்?" என்றார் ஓவியர்.

"ஆரம்பிச்ச வருஷம் மட்டும் போடுங்க."

"முடியறது?"

"அந்த இடத்தைச் சும்மா விடுங்க."

"அப்ப எனக்கு இனிமே இங்க வேலை இல்லைன்னு சொல்லுங்க" என்று தூரிகையைத் துடைத்தார் அவர்.

அன்புக்குரிய அம்மையீர், இன்றோடு முடிவது தங்கள் பணிக்காலம் மட்டுமே. கண்ணொளி குன்றாமல், கால்வலி அண்டாமல், திருத்தப் பென்சில் என்றும் தீராமல் தாங்கள் வாழ வேண்டும். எத்தனை ஆண்டென்று எண்ணிச் சொல்ல எங்களுக்கு மனமில்லை. அந்தப் பலகையில் செய்தது போலவே, அவ்விடத்தைச் சும்மா விடுகிறோம்.

தாங்கள் எப்போது வந்தாலும் கடைசி பெஞ்சில் நகர்ந்து இடம்விடும்,
கல்வித் திட்டப் பிரிவினர், கணக்குப் பிரிவினர், வேன் ஓட்டுநர்,
புலமை அடங்கிய அறிக்கைப் பிரிவினர்,
மாலை வகுப்பின் வாத்தியாரும் மாணவரும்