பாலாஜியோட மெட்டி

அய்யோ, அவரு சாவலைண்ணா. பயப்படாம மெட்டியை அறுங்க. சாவறதுக்கு மொதல்ல பொறக்கணும் இல்ல?

ஆமா, உங்க கடையில வாங்கினதுதான். ஒம்போது வருஷம் ஆச்சு. நானே வாங்கி நானே போட்டுக்கினேன். அப்போ எனக்கு முப்பத்திரெண்டு. மஞ்சக் கயித்தைக் காலையிலயே கழட்டிப் பையில போட்டுட்டேன். இதுதான் சோப்பு போட்டும் வரலை. நாள் முழுக்க நின்னுக்கினே இருந்து விரலு வீங்கிப் போச்சு.

பட்டுக்கடைண்ணா. முகூர்த்தப் பட்டு எடுத்துக் காட்டற வேலை. கல்யாணத்துக்கு எடுக்க வர்றவங்க பொடவையைப் பாக்கறதுக்கு முன்னாடி என் காலைத்தான் பாப்பாங்க. மெத்தை மேல வெறுங்காலோட தானே நிக்கறோம்? அப்படித்தான் ஒரு பொண்ணோட பெரியம்மா, நீ வேணாம்மா, மெட்டி போட்டவங்களா பாத்து எடுத்துக் குடுக்கச் சொல்லுன்னாங்க. மறுநாளே மொதலாளி என்னை உள்பாவாடைப் பக்கம் தள்ளிட்டாரு. உள்பாவாடைக்கு ராசி பாக்க மாட்டாங்க போல.

ஒரு மாசம் லீவு போட்டேன். திரும்பி வர்றப்போ மெட்டியோட வந்தேன். செய்யாறுலேர்ந்து பஸ்ல வந்து போறவ, எவன் வந்து விசாரிக்கப் போறான்? புருஷன் பேரு பாலாஜி, மஸ்கட்ல ஏசி மெக்கானிக்கு, அவ்ளோதான். தீபாவளிக்குத் தீபாவளி காந்தி ரோட்ல பேரிச்சம்பழம் வாங்கி, அவரு குடுத்தனுப்பினாருன்னு எல்லாருக்கும் குடுப்பேன்.

சிரிங்க, சிரிங்க. என் பேரு வேற ஏலவார்குழலி. ஏகாம்பரநாதர் கோயில் அம்பாள் பேரு. அந்தம்மா மாமரத்தடியில தவம் இருந்து புருஷனை வாங்கினாங்க. நான் உங்க கடையில எண்ணூறு ரூபாய்க்கு வாங்கினேன்.

ஆனா பாலாஜி நல்ல மனுஷன்ணா. குடி கெடையாது, எதிர்ப்பேச்சு கெடையாது. போன்ல ஒரு ஆப்புல காதல் கதை எழுதறேன், எல்லாத்துலயும் அவருதான் ஹீரோ. எட்டாயிரம் பேரு படிக்கிறாங்க. போன வாரம் ஹீரோயினுக்கு நாப்பத்தொண்ணுன்னு வயசு போட்டேன். ஒரு பொண்ணு எழுதுது, அக்கா, வயசு தப்பா டைப் ஆயிருக்குது, இருபத்தொண்ணுன்னு மாத்துங்கன்னு. மாத்திட்டேன்.

அப்புறம் இப்ப ஏன் அறுக்கச் சொல்றேன்னா, எங்க கடையில பில்லு போடற சபாபதி சார் இருக்காரு. நாப்பத்தாறு வயசு, கல்யாணம் ஆவலை. பில்லு போடறவரு காலை யாரும் பாக்கறதில்லை. நாலு வருஷமா மதியம் ஒரே டேபிள்ல சாப்பிடறோம். உருளைக்கிழங்கு வறுவல் கொண்டாந்தா பாதியை மூடியில எடுத்து என் பக்கம் தள்ளுவாரு. பாலாஜி எப்ப வர்றாருன்னு மட்டும் ஒரு நாளும் கேட்டதில்லை.

போன வாரம் டிபன் பாக்ஸைப் பாத்துக்கினே கேட்டாரு, உங்களை மாதிரியே கல்யாணம் ஆவாத தங்கச்சி யாராச்சும் இருக்காங்களாம்மான்னு.

எட்டாயிரம் பேருக்கு டயலாக் எழுதறவ, ஒரே வார்த்தைதான் சொன்னேண்ணா. இருக்குதுன்னுட்டேன்.

எங்க இருக்குது தங்கச்சி? எங்கம்மாவுக்கு நான் ஒருத்திதான்.

இன்னிக்கு அஞ்சு மணிக்கு வரதர் கோயில் கொளத்துப் படிக்கட்டுக்கு அவளைப் பாக்க வர்றாரு. இஸ்திரி போட்ட சட்டையை மதியமே எடுத்து மாட்டிக்கினாரு, பாத்தேன்.

ம், அந்தக் காலும்தான். சீக்கிரம்ணா, மணி நாலே முக்கால்.