மூணாவது போன்ல வந்த சூப்

— ஏங்க, போனைக் கீழ வச்சுட்டு வெங்காயத்தை நறுக்குங்க.

— இரு, இரு... மூணாவது போன்ல இருக்கற சாப்பாட்டு ஆர்டர் ஆப்ல யாரோ நம்ம கடைக்கு அஞ்சு நட்சத்திரம் போட்டிருக்காங்க!

— அப்படியா... நல்லது. வெங்காயம்...

— கேளு! 'உங்க கடையில இதுவரைக்கும் வாங்கினதுலேயே இன்னிக்கு வந்த சூப்தான் பிரமாதம். சமைச்ச கைக்கு நன்றி.'

— சரி, வெங்காயத்தை நறுக்குங்க.

— சமைச்ச கைன்னா இந்தக் கைதானே? ஆனா... இன்னிக்கு நான் சூப்பே வைக்கலையே.

— வச்சீங்க. அடிபிடிக்க வச்சீங்க.

— அதான் காலையிலேயே எல்லா ஆப்லயும் சூப்பை நிறுத்திட்டேனே!

— ரெண்டுல நிறுத்தினீங்க. மூணாவதுக்குப் போறப்போ கிரிக்கெட் ஸ்கோர் பாக்கப் போயிட்டீங்க.

— ஐயையோ! இன்னொரு ஆர்டர் ரத்தானா ஆப்லேர்ந்து நம்ம கடையையே தூக்கிடுவோம்னு சொல்லியிருக்காங்களே!

— அதான் சூப் ஆர்டர் வந்ததும் நான் ரத்து பண்ணல.

— அப்போ சூப்பு... வானத்துலேர்ந்து ஊத்துச்சா?

— சொல்றேன். கத்தக்கூடாது.

— நான் எப்போ கத்தினேன்?

— இப்போ கத்துவீங்க. எதிர்த்த சாப்பாட்டுக் கடை அண்ணன்கிட்ட போனேன்.

— நம்ம வாசலை மறைச்சு போர்டு வச்சாரே... அவர்கிட்டயா?

— அவரேதான். ஏன், எதுக்குன்னு ஒரு வார்த்தை கேக்கல. நம்ம டப்பாவை வாங்கி, தன் கையாலயே சூப் ஊத்தி, ஒழுகுதான்னு கவுத்துப் பாத்துக் கொடுத்தாரு. எனக்குக் கண்ணே கலங்கிடுச்சுங்க. கோவமா?

— நீ மேல சொல்லு.

— 'அண்ணே, எங்க வீட்டுக்காரர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க'ன்னேன். அதுக்கு ஏனோ விழுந்து விழுந்து சிரிச்சாரு.

— சிரிச்சாரா...

— ஆமா. இதுல சிரிக்க என்ன இருக்கு? இந்தாங்க, போனை எடுத்துக்கிட்டு எங்க கிளம்பிட்டீங்க?

— அந்த நன்றி அவருக்கு வந்தது. காட்டிட்டு வந்துடுறேன்.

— நீங்களா? போர்டு சண்டைக்கப்புறம் அவர் மூஞ்சியிலேயே முழிக்கலையே!

— முன்வாசல் வழியா முழிக்கலதான்...

— என்னது?

— போன வாரம் நீ பல்லு காட்ட டாக்டர்கிட்ட போனியே... அன்னிக்கு அவர் கடையில அடுப்பு எரியல. நம்ம பின்வாசல்ல வந்து நின்னாரு. அவருக்கு வந்த ஆர்டரெல்லாம் நம்ம அடுப்புலதான் வெந்துச்சு. அவர் கிளம்புறப்போ, 'எங்க வீட்டம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க'ன்னு கும்பிட்டுக் கேட்டுக்கிட்டேன்!