இலையில்லாத செடியின் முதல் பதிவு

செடிகளை உலர்த்துவதற்குச் செய்தித்தாளைப் போல நல்ல தாள் கிடையாது. வழுவழுப்பான வார இதழ்த் தாள் ஈரத்தை உறிஞ்சாது; இலை கறுத்துவிடும். அதனால் எங்கள் வீட்டில் செய்தித்தாள் வாங்குவது படிப்பதற்காக அல்ல. "நாட்டுல என்ன நடக்குதுன்னே தெரியாது, ஆனா பேப்பர் ஒரு நாள் வரலேன்னா மட்டும் ஊரக் கூட்டுவாரு" என்று என் மனைவி எல்லோரிடமும் சொல்வாள். நேற்று வீட்டைச் சோதனை போட்டபோது கட்டிலுக்கு அடியிலிருந்து நீங்கள் இழுத்துப் போட்ட கட்டுகள் அவைதான். அவற்றில் நான் எதையும் ஒளித்து வைக்கவில்லை. உங்கள் ஆட்கள் பிரித்ததைத் தேதி வரிசைப்படி மறுபடி அடுக்கியிருக்கலாம். பரவாயில்லை.

நீங்கள் கேட்டதற்கு முதலிலிருந்தே சொல்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்து வாக்குமூலத்தை எழுதுகிறவர் நிதானமாக எழுதட்டும். அவசரப்பட்டு எழுதினால் தப்பு வரும்.

தாவர ஆய்வு அலுவலகத்தின் காப்பறையில் இருபத்தாறு வருடங்களாக வேலை பார்க்கிறேன். இரும்பு அலமாரிகளில் இரண்டு லட்சம் உலர்ந்த செடிகள் இருக்கின்றன. அந்துருண்டை வாசனை என் சட்டையைவிட்டுப் போனதே இல்லை. ஒவ்வொரு செடிக்குக் கீழேயும் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். என்ன செடி, எங்கே கிடைத்தது, எந்தத் தேதி, கண்டெடுத்தவர் யார். நூற்றைம்பது வருடங்களுக்கு முன்னால் காட்டில் காய்ச்சல் வந்து செத்த ஒருவருடைய பெயர் இன்றைக்கும் அந்தச் சீட்டில் இருக்கிறது. அவருடைய பேரப்பிள்ளைகள் யாரென்று ஒருவருக்கும் தெரியாது. சீட்டைத் தெரியும்.

நாட்டில் தானாக வளரும் தாவரங்களின் பட்டியலை நான்கு தொகுதிகளாக வெளியிட்டார்கள். பதினோராயிரம் பெயர்களையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தவன் நான். ஏழு வருட வேலை. முன்னுரையின் கடைசிப் பத்தியில் எனக்கு நன்றி சொல்லியிருந்தார்கள், பெயரில் ஓர் எழுத்தைத் தப்பாகப் போட்டு. இயக்குநரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். "அடுத்த பதிப்புல பாத்துக்கலாம்யா, ஒரு எழுத்துதான்" என்றார். அடுத்த பதிப்பு வரவேயில்லை.

என் மாப்பிள்ளையைப் பற்றிக் கேட்டீர்கள். என் ஒரே தங்கையின் கணவர். வனக்காவலர். எங்கள் அலுவலகத்தில் அவரை 'மூக்கர்' என்று கூப்பிடுவார்கள், மூக்கு பெரிது என்பதற்காக அல்ல. எந்த இலையைக் கையில் எடுத்தாலும் கசக்கி மோந்து பார்ப்பார். படிப்பு பள்ளிக்கூடத்தோடு நின்றுவிட்டது. ஆனால் அவர் நடந்த காட்டில் ஒரு புதுச்செடி அவர் கண்ணுக்குத் தப்பாது. அவர் கொண்டுவந்து கொடுத்ததில் பதினொன்றை நான் என் பெயரில் பதிவு செய்திருக்கிறேன். அவர் ஒரு நாளும் அதைப் பற்றி மூச்சு விட்டதில்லை. "உங்களுக்குத்தான் மச்சான் அது தெரியும், எனக்கு இலையும் தழையுமா ஒரு செடி, அவ்வளவுதான்" என்பார். அதை நான் திருட்டு என்று நினைக்கவில்லை. மண்ணைத் தோண்டுகிறவன் பெயரையா கட்டடத்தில் போடுகிறார்கள்?

போன வருடம் முதல் மழை விழுந்த மூன்றாம் நாள் அவர் எனக்குத் தொலைபேசியில் பேசினார். குரலில் மூச்சிரைப்பு.

"மச்சான், ஓடைக்கு மேல ஒரு சரிவுல மீன் அழுகின மாதிரி வாடை வந்துச்சு. சருகத் தள்ளிப் பாத்தேன். வெள்ளையா, கட்டவிரல் உசரத்துக்கு. இலையே இல்ல. பூ மட்டும் குட்டி லாந்தர் மாதிரி இருக்கு, நுனியில நூல் நூலா ஆறு."

நான் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். அது என்னவென்று எனக்குத் தெரியும். பச்சையமே இல்லாத செடி. மண்ணுக்குள் இருக்கும் பூஞ்சையை உண்டு வாழும். வருடத்தில் மூன்று நான்கு நாள் மட்டும் சருகுக்கு மேலே தலைகாட்டிவிட்டு அழுகிப்போகும். இங்கிருந்து கடல் தாண்டி இருக்கிற மழைக்காடுகளில் மட்டும் உண்டு என்று எல்லாப் புத்தகங்களும் சொல்லின. நம் நாட்டில் ஒருவரும் பார்த்ததில்லை. பார்த்தால் அது ஒரு புதுப்பெயர் மட்டுமல்ல. பட்டியலில் ஒரு புதுத் தாவரக் குடும்பத்தையே சேர்க்க வேண்டும். அப்படி ஒன்று நடந்து எழுபது வருடமாகிறது.

மறுநாள் விடிந்ததும் ஜீப்பில் கிளம்பினோம். நான்தான் ஓட்டினேன். பாதி வழியில் அவர் என் முகத்தைப் பார்க்காமல், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு கேட்டார்.

"மச்சான், தப்பா நெனச்சுக்காதீங்க. இந்தத் தடவ மட்டும் என் பேரப் போடுவீங்களா? பாப்பா காலேஜ்ல இதத்தான படிக்குது. 'கண்டுபிடிக்கிறது நீங்க, உங்க பேரு ஏன்ப்பா வரமாட்டேங்குது'ன்னு கேக்குது. எனக்குப் பதில் சொல்லத் தெரியல."

"பாக்கலாம் மாப்பிள்ள" என்றேன்.

அவர் முகம் அப்படி மலர்ந்தது. நான் சம்மதித்ததாக எடுத்துக்கொண்டார். நான் சொன்னது பார்க்கலாம் என்றுதான். அதைக் கவனித்து எழுதிக்கொள்ளுங்கள்.

ஜீப் போகும் தடம் முடிந்த இடத்திலிருந்து இருபத்தைந்து நிமிட நடை. ஒன்பது நாற்பதுக்கு அந்த இடத்தில் இருந்தோம். ஏழு செடிகள் இருந்தன. நான் மண்டியிட்டுப் பார்த்தேன்.

வேலையை ஆரம்பித்தோம். நானே அளந்து நானே எழுதினேன். அவர் சருகை விலக்கிக்கொடுத்தார். ஏழாவது செடியின் பக்கத்தில் கையை வைத்தவர் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். நல்ல பாம்பு. பெரியதல்ல. சருகுக்குள் நுழைந்து போய்விட்டது. வலது கையில் சுண்டுவிரலுக்குக் கீழே இரண்டு புள்ளிகள்.

உங்கள் மேசைமேல் இருக்கிற என் களக்குறிப்பேட்டில் அந்தப் பக்கத்தை நீங்கள் அடையாளம் வைத்திருக்கிறீர்கள். "10.05, வேலை தடைபட்டது. 10.10, தொடர்ந்தது." அது என் கையெழுத்துத்தான். வேறு ஆளாக இருந்தால் அந்த இரண்டு வரியை எழுதியிருக்கவே மாட்டான், இல்லாவிட்டால் பிற்பாடு கிழித்திருப்பான். இருபத்தாறு வருடத்தில் நான் ஒரு நேரத்தைக்கூடப் பொய்யாக எழுதியதில்லை. குறிப்பேட்டில் பொய் நுழைந்துவிட்டால் பிறகு எதை நம்புவது?

அந்த ஐந்து நிமிடத்தில் செய்ய வேண்டியதைச் செய்தேன். அவர் கையில் துண்டைச் சுற்றினேன். மரத்தில் சாய்ந்து உட்காரச் சொன்னேன். "பயப்படாதீங்க மாப்பிள்ள, சின்னப் பாம்பு. நடந்தா விஷம் ஏறும், அசையாம உக்காருங்க. இத முடிச்சுட்டுப் போயிடலாம்" என்றேன். அவர் நம்பினார். என்னை அவர் நம்பாத நாள் கிடையாது.

ஏன் உடனே கிளம்பவில்லை என்று எல்லோரும் கேட்கிறார்கள். வானம் இருட்டிக்கொண்டிருந்தது. ஒரு மழை போதும், ஏழு செடியும் கூழாகியிருக்கும். ஸ்பிரிட்டில் போட்டால் நிறம் போய்விடும், அதனால் உயிரோடு இருக்கும்போதே நிறத்தை எழுத வேண்டும். மண், உயரம், சுற்றியுள்ள மரங்கள், படங்கள், எல்லாம் வேண்டும். ஒன்று குறைந்தாலும், வெளிநாட்டில் உட்கார்ந்திருக்கிறவன், "சந்தேகத்துக்குரியது" என்று ஒரு வார்த்தையில் தள்ளிவிடுவான். எழுபது வருடத்துக்கு ஒரு முறை வருவதை ஒரு மனிதனின் சுண்டுவிரலுக்காக விட்டுவிட முடியுமா? அமைதியாக யோசித்துப் பாருங்கள்.

படத்தில் அளவுகோலைப் பிடிக்க ஆள் வேண்டியிருந்தது. அவரே இடது கையால் பிடித்துக்கொண்டார். கட்டுரையில் அச்சான படத்தின் ஓரத்தில் ஒரு கட்டைவிரல் நகம் தெரிகிறதே, அது அவருடையதுதான். "கொஞ்சம் சீக்கிரம் மச்சான், கண்ணு சொருகுது" என்றார். ஆட்டாமல் பிடிக்கச் சொன்னேன். ஆட்டாமல்தான் பிடித்திருக்கிறார், படம் துல்லியமாக இருக்கிறது.

ஏழில் இரண்டு செடிகளை மட்டும் எடுத்து ஸ்பிரிட் குப்பியில் போட்டேன். ஐந்தை விட்டுவிட்டேன். ஓர் உயிரை அழிக்கக் கூடாது என்கிற எண்ணம் எனக்கு எப்போதும் உண்டு.

ஒன்றேகாலுக்கு மருத்துவமனை வாசலில் அவரை இறக்கினேன். மூச்சு இல்லை. "கடிச்சு எவ்வளவு நேரமாச்சு?" என்று பெண் மருத்துவர் கேட்டார். "ஒரு மணி நேரம் இருக்கும்" என்றேன். "இன்னும் முன்னாடி கொண்டு வந்திருந்தா ஊசி போட்டுக் காப்பாத்தியிருக்கலாமே" என்றார். அந்த ஒரு மணி நேரம்தான் நான் சொன்ன ஒரே பொய். அதையும் வாயால் சொன்னேனே தவிர எழுதவில்லை.

தங்கையை நான் கைவிடவில்லை. காரியங்கள் அத்தனையும் நான் முன்னால் நின்று செய்தேன். கட்டுரை வெளிவந்ததும் முதல் பிரதியை அவளிடம்தான் கொடுத்தேன். என் பெயருக்குக் கீழே, கடைசியில், "களப்பணியில் உதவிய வனக்காவலருக்கு நன்றி" என்று ஒரு வரி. அவள் அந்த வரியை விரலால் தடவிக்கொண்டே அழுதாள். "எங்க அண்ணன் மறக்காம போட்டிருக்கு பாரு" என்று வந்தவர்களிடமெல்லாம் காட்டினாள். அதைச் சட்டம் போட்டு அவர் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினாள். அவர் உயிரோடு இருந்திருந்தால் அவ்வளவு மரியாதை கிடைத்திருக்குமா?

அவள் மகள்தான் ஒத்துக்கொள்ளவில்லை. கல்லூரிப் படிப்புக்காக என்று சொல்லிப் போன மாதம் காப்பறைக்கு வந்தாள். சீட்டைப் பார்த்தாள். பிறகு களக்குறிப்பேட்டைக் கேட்டாள். என் மருமகள், அதுவும் மாணவி. விதிப்படி கொடுக்க வேண்டும், கொடுத்தேன். ஜன்னலோர மேசையில் உட்கார்ந்து ரொம்ப நேரம் அந்த ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் மேசைக்கு வந்தாள்.

"மாமா, பத்து அஞ்சுக்கு வேல ஏன் தடைபட்டுச்சு?"

"பாம்பும்மா."

"ஆஸ்பத்திரிச் சீட்டுல பன்னெண்டே காலுக்குக் கடிச்சதா இருக்கே."

நான் பேனாவை மூடி வைத்தேன்.

"பத்து பத்துக்குத் தொடர்ந்ததுன்னு போட்டிருக்கீங்க. அப்போ எங்கப்பா என்ன பண்ணிட்டிருந்தாரு?"

"அளவுகோலப் பிடிச்சிட்டிருந்தாரு" என்றேன்.

அவள் குறிப்பேட்டை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனாள். அலுவலகச் சொத்தை அனுமதியில்லாமல் வெளியே எடுத்துப் போனது குற்றம். அதை யாரும் கேட்கவில்லை.

இப்போது நீங்கள் ஒரு கணக்குப் போட்டு என் முன்னால் வைத்திருக்கிறீர்கள். குறிப்பு பத்து ஐம்பத்தெட்டோடு முடிகிறது. ஆளைத் தாங்கிக்கொண்டு இறங்க நாற்பது நிமிடம், ஜீப்பில் நாற்பத்தைந்து நிமிடம். பன்னிரண்டரைக்குள் மருத்துவமனைக்கு வந்திருக்க வேண்டும். மீதி முக்கால் மணி நேரம் எங்கே போனது என்று கேட்கிறீர்கள். நீங்கள் கெட்டிக்காரர். எங்கள் துறைக்கு வந்திருக்கலாம்.

குப்பியை மூடியதும் அவர், "போலாமா மச்சான்" என்றார். நாக்கு குழறியது. கண்ணிமை இரண்டும் பாதிக்குமேல் தொங்கிவிட்டன. "சீட்ட எழுதிட்டுப் போயிடலாம்" என்றேன். எப்போதுமே சீட்டை அந்த இடத்திலேயே எழுதுவது என் பழக்கம். மடியில் பலகையை வைத்துக்கொண்டு எழுதினேன். கடைசி வரிக்கு வந்தேன்.

"என் பேரு... போட்டுட்டீங்களா?" என்று கேட்டார்.

"போட்டுட்டேன் மாப்பிள்ள."

"காட்டுங்க."

அவர் முகத்துக்கு நேராகச் சீட்டைப் பிடித்தேன். இமையைத் தூக்க முயன்றார். விரலால் தூக்கிப் பார்க்கலாம் என்று கையைக் கொண்டுபோனார், கை ஏறவில்லை. சிரித்தார். வாயின் ஒரு பக்கம் மட்டும் அசைந்தது. "பாப்பா... சந்தோசப்படும்" என்றார்.

சீட்டில் இருந்தது என் பெயர்.

அப்போது கிளம்பியிருந்தால் அவர் பிழைத்தாலும் பிழைத்திருப்பார். பிழைத்தால் அந்தச் சீட்டைப் பார்ப்பார். என் பக்கத்தில் ஜீப் சாவி இருந்தது. பத்து நிமிடம் ஏறினால் மேட்டில் கைபேசிக்கு சிக்னல் கிடைக்கும், அதுவும் தெரியும். நான் அவருக்கு எதிரே ஒரு கல்லின்மேல் உட்கார்ந்தேன். இரண்டு முறை என்னைக் கூப்பிட்டார். பிறகு கூப்பிட முயன்றார். மூச்சு மேலும் கீழுமாக வந்தது, அப்புறம் மேலேயே நின்று நின்று வந்தது. அவரால் இனி யாரிடமும் எதையும் கேட்க முடியாது என்று தெரிகிறவரை உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பிறகுதான் தோளில் தூக்கினேன்.

இதைக் கொலை என்று எழுதுகிறீர்களா? எழுதுங்கள், நான் மறுக்கவில்லை. எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். அந்தச் சீட்டைத் திருத்தச் சொல்லி மருமகள் மனுக் கொடுத்திருக்கிறாளாம். அதற்கு மட்டும் நான் ஒப்பமாட்டேன். எவ்வளவு கஷ்டப்பட்டுச் செய்த பதிவு அது.