குண்டு அச்சைப் பராமரிக்கும் முறை

அச்சுக்கு எண்ணெய் போடுகிறவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை, தாராளமாகப் போடுவது. ஒரு துளியில் கால்வாசி போதும். காது குடையும் பஞ்சுக்குச்சியின் நுனியில் தொட்டு, அச்சின் இரண்டு பாதிகளும் பொருந்துகிற இடத்திலும், மேலே திரும்பி மூடும் தகட்டின் திருகாணியிலும் தடவ வேண்டும். பிறகு தடவியதைத் துடைத்துவிட வேண்டும். குழிக்குள் எண்ணெய் போனால் ஈயக் குண்டு, வெகுநேரம் தண்ணீரில் ஊறிய விரல் நுனி போலச் சுருக்கம் விழுந்து வரும். அப்படிப்பட்ட குண்டு நேராகப் போகாது. எங்கள் அவொக்காத்தோவின் குண்டுகள் எப்போதும் நேராகவே போயின. அந்தப் பெருமையில் என் கணவருக்கும் பங்குண்டு.

அவொக்காத்தோ என்றால் சட்டத்தரணி. பலெர்மோவில், பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பின்னால், நான்காம் மாடியில் அவருடைய வீடு. நானும் என் கணவர் ஞானசேகரமும் பதினைந்து வருடங்கள் அங்கே ஒன்றாக வேலை செய்தோம். எனக்குச் சமையலும் துப்புரவும். அவருக்குக் கார், பூச்சாடிகள், பிறகு அச்சுகள். அவொக்காத்தோ பழைய காலத்துத் துப்பாக்கியால் காட்டுப்பன்றி சுடுகிறவர். கடையில் விற்கும் குண்டைத் தொடுவது அவருக்கு இழுக்கு. ஈயத்தை உருக்கித் தானே வார்ப்பார். தானே என்றால் என்ன என்பது பெரிய மனிதர் வீடுகளில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும். ஈயக் கட்டிகளை நான்கு மாடி தூக்குவதும், கழிவை அள்ளுவதும், அச்சைத் துடைத்து எண்ணெய் போடுவதும் என் கணவர். ஊற்றுவது மட்டும் அவர்.

இதைத் தமிழில் எழுதுகிறேன். என் மகள் கேசிகாவுக்குத் தமிழ் கதைக்க வரும், வாசிக்க வராது. ஒரு தாளை அவளிடமிருந்து ஒளித்து வைக்க இதைவிடப் பாதுகாப்பான இடம் பலெர்மோவில் இல்லை.

என் கணவர் இறந்தது ஒரு டிசம்பர் காலையில், மலையில் இருக்கும் அவொக்காத்தோவின் பண்ணைவீட்டில். வேட்டைக்காலத்தில் எங்களையும் அங்கே கூட்டிக்கொண்டு போவார். குசினியில் தொலைபேசி அடித்தது, நான் எடுத்தேன். காட்டுக்குள் பன்றிக்குக் காத்திருந்த அவொக்காத்தோ, கோப்பி வேண்டும் என்றார்.

"இந்தப் பனிப்புகாருக்குள்ளையோ?" என்றார் என் கணவர். "மனுசன் பன்றிக்குக் காவல் இருக்குதோ, உம்மடை கோப்பிக்குக் காவல் இருக்குதோ?"

"ஆற முதல் கொண்டுபோங்கோ. பிறகு என்னைத்தான் பேசுவார்."

"ஓம் மகாராணி. போட்டு வாறன்."

பத்து நிமிடத்தில் கோப்பி போய்ச் சேர்ந்தது. பற்றை அசைவதைக் கண்டு அவொக்காத்தோ சுட்டார். கோப்பி கேட்டது தான்தான் என்பது அந்த நேரம் நினைவில் இல்லையாம். வயதானவர்கள் மறப்பார்கள், நாம்தான் அனுசரித்துப் போக வேண்டும். பையில் மீதமிருந்த குண்டுகளைப் படம் எடுத்த பொலிஸ்காரர், நல்ல சுத்தமான வார்ப்பு என்று பாராட்டினார்.

அவொக்காத்தோ சொல்லச் சொல்ல வாக்குமூலம் எழுதப்பட்டது. படித்த மனிதர், ஒரு சொல்கூட இடம் மாறவில்லை. வேட்டை நேரத்தில் வீட்டைவிட்டு வெளியே வர வேண்டாம் என்று வேலையாளுக்கு மூன்று முறை சொல்லப்பட்டது. வேலையாள் கேட்கவில்லை. தன் விருப்பத்துக்குக் காட்டுக்குள் வந்தார். அடியில் இரண்டு கையெழுத்துகள். ஒன்று அவருடையது. மற்றது, அந்த எச்சரிக்கையைத் தன் காதால் கேட்ட சாட்சியுடையது. சாட்சி நான். இந்த நாட்டில் இருப்பதற்கான என்னுடைய பெர்மெஸ்ஸோ அடுத்த மாதம் முடிய இருந்தது. புதுப்பிப்பதற்கு வேலைக்கடிதம் தர வேண்டியவர் அவர். அவர் என்னை வெருட்டவில்லை. பேனையைத் திறந்து தந்தார், அவ்வளவுதான். நல்ல பேனை.

ஆகவே சட்டப்படி என் கணவர் சொல்வழி கேளாமையால் இறந்தார். கேசிகாவும் அதையே நம்பினாள். அவளுக்கு அப்போது பதினேழு வயது.

"மூண்டு தரம் சொன்னவை, மம்மா. மூண்டு தரம். தேஸ்தா தூரா, அந்தாள்," என்றாள். பிடிவாதக்காரரைச் சிசிலியில் அப்படித்தான் சொல்வார்கள். "எங்களை ஒருக்கா நினைச்சிருந்தா வீட்டுக்குள்ளை இருந்திருப்பார்." ஆண்டுத் திவசத்துக்கு அவள் வரவில்லை. வேலை இருக்கிறது என்றாள்.

எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. அவொக்காத்தோ போய் உண்மையைச் சொல்லி அந்தத் தாளைத் திருத்த வேண்டும். கேசிகா தன் அப்பாவைத் திரும்பப் பெற வேண்டும். கோப்பி கொண்டுபோய் வைக்கும்போதெல்லாம் கேட்டேன். பாஸ்குவாப் பண்டிகை முடியட்டும் என்றார். பிறகு மொண்டெல்லோவில் கடல் குளிக்கும் காலம் முடியட்டும் என்றார். அடுத்த வருடம் மறுபடியும் பாஸ்குவா வந்தது. இத்தாலியில் பண்டிகைகளுக்குக் குறைவில்லை.

இதற்கிடையில் அச்சுகள் என் கைக்கு வந்தன. கையில் ஒரு வேலை இருந்தால் துக்கம் தெரியாது என்றார் அவொக்காத்தோவின் மனைவி, எங்கள் சிஞ்ஞோரா. அவர் இரக்கமுள்ளவர். அவொக்காத்தோ எனக்கு முதலில் கற்றுத்தந்தது தண்ணீரைப் பற்றித்தான். வார்ப்பதற்கு முன் அச்சைச் சூடாக்க அதன் மூலையை உருகிய ஈயத்தில் தோய்ப்பார். அதில் ஈரம் இருந்தால் ஈயம் வெடித்து முகத்துக்கு எழும்பும். இதை எனக்கு இருபது முறையாவது சொல்லியிருப்பார். இந்த எச்சரிக்கை உண்மையாகவே சொல்லப்பட்டது. நான் உண்மையாகவே கேட்டேன்.

சரசுவதி பூசைக்கு எங்கள் ஆட்கள் தொழில் செய்யும் சாமான்களைக் கழுவிச் சந்தனம் வைப்பார்கள். பலெர்மோவில் எங்கள் தொழிலுக்கு வீடு கூட்டும் தும்புத்தடியும் இஸ்திரிப்பெட்டியும்தான். என் கணவர் அச்சையும் சேர்த்து வைப்பார். அதைக் கழுவ மாட்டார்; மரக் கைப்பிடியில் ஒரு பொட்டு, அவ்வளவே. அவொக்காத்தோ விருந்தாளிகளைக் கூட்டிவந்து காட்டுவார். தன் அச்சுக்குப் பூசை நடப்பது அவருக்கு நியாயமாகவே பட்டது.

எதிர்வீட்டில் வேலை செய்யும் மாக்கிரட் மன்னார்க்காரி, கோயிலுக்குப் போகும் கத்தோலிக்கப் பெண். அவள் எட்டிப் பார்த்துச் சிரிப்பாள். "ஏனடி கனகம், தும்புத்தடிக்கும் பொட்டோ? அப்ப என்ரை சிஞ்ஞோராவுக்கும் ஒண்டு வைச்சுவிடு. அவவும் நாள் முழுக்க மூலையிலைதான் நிக்கிறா."

சென்ற ஒக்ரோபரில், விசயதசமியன்று காலை, அச்சை மஞ்சள் தண்ணீரில் கழுவினேன். குழிகளுக்குள் சந்தனம் குழைத்து வைத்தேன். பூசை முடிந்ததும் வெளிப்புறத்தை மட்டும் துடைத்து, மூடி, வழக்கமான இடத்தில் வைத்தேன். அவர் அதைத் திறந்து பார்த்து ஒருநாளும் நான் கண்டதில்லை. திறந்து பார்க்கத்தானே ஆட்கள்.

பிறகு நடந்ததை விரிவாக எழுதத் தேவையில்லை. முகத்தில் ஈயம் எழும்ப, பின்னால் விழுந்தார். சலவைக்கல் படியில் தலை அடிபட்டது. நினைவு திரும்பாமலே நான்காம் நாள் ஆசுப்பத்திரியில் இறந்தார்.

விசாரிக்க வந்த அதிகாரி, தண்ணீர் ஆபத்து என்று உனக்குத் தெரியாதா என்று கேட்டார். இத்தனை வருடம் பழகிய இத்தாலியத்தை நான் அன்று எங்கேயோ வைத்துவிட்டேன். மாக்கிரட் வந்து எனக்காகக் கதைத்தாள். இடையில் என் பக்கம் திரும்பி, "நீ ஒண்டும் கதையாதை," என்றாள். "உங்கடை ஆக்கள் கல்லுக்கும் பால் ஊத்திறவை எண்டு சொல்லிப்போட்டன். மனுசன் தலையாட்டிறான்." அதிகாரி தட்டில் இருந்த சந்தனத்தையும், பொட்டு வைத்த தும்புத்தடியையும் படம் எடுத்தார். மதச் சடங்கு என்று எழுதினார். சிஞ்ஞோரா என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். உனக்கு எப்படித் தெரியும், ஏழைப்பெண்ணே, என்றார். இந்த நகரத்தில் எங்களுக்குக் கிடைக்கிற மரியாதைகளில் மிகப் பயனுள்ளது, எங்களுக்கு ஒன்றும் தெரியாது என்பதுதான்.

ஒன்றை மட்டும் நான் அவர்களுக்குச் சொல்லவில்லை.

ஈயம் உருக அரைமணி நேரம் பிடிக்கும். அன்று காலை அவொக்காத்தோ அடுப்பை மூட்டிவிட்டு முக்காலியில் உட்கார்ந்தார். என்னையும் இருக்கச் சொன்னார். அந்த வீட்டில் அவருக்கு முன்னால் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"நான் முடிவு செய்துவிட்டேன், கனகேஸ்வரி. திங்கட்கிழமை போய்ச் சொல்லப் போகிறேன். அவனைக் கூப்பிட்டது நான்தான் என்று. எனக்கு இனித் தள்ளிப்போட வயதில்லை."

அவர் கண் கலங்கியிருந்தது. நானும் அழுதேன். அது நடிப்பல்ல. அச்சு இரண்டடி தூரத்தில் இருந்தது. எடுத்து அடுப்புக்குப் பக்கத்தில் திறந்து வைத்திருந்தால் பத்து நிமிடத்தில் காய்ந்திருக்கும். நான் அதற்காக எழும்பவும் செய்தேன்.

"ஆனால் நீயும் வர வேண்டும்," என்றார். "தொலைபேசியை எடுத்தது நீ. எச்சரிக்கையைக் கேட்டேன் என்று கையெழுத்துப் போட்டதும் நீ. இரண்டு பொய்யும் சேர்ந்து போனால்தான் நம்புவார்கள். முதலில் உன் மகள் கேட்கட்டும். இன்று பின்னேரம் அவளை இங்கே வரச்சொல். நாம் இருவருமாகச் சொல்வோம்."

"சரி, அவொக்காத்தோ," என்றேன். அச்சை எடுத்தேன். துணியால் வெளியே ஒருமுறை துடைத்தேன்.

அவர் கையை நீட்டினார். "காய்ந்திருக்கிறதுதானே?"

இந்தக் கேள்வியை அவர் ஒருநாளும் கேட்டதில்லை. பதில் சொல்ல எனக்கு வேண்டிய நேரம் இருந்தது.

"நன்றாகக் காய்ந்திருக்கிறது," என்று சொல்லிக் கையில் கொடுத்தேன். கதவைச் சாத்திவிட்டுக் குசினிக்குப் போனேன்.

அந்தத் தாள் இன்னமும் அப்படியே இருக்கிறது. திருத்தக்கூடியவர்களில் ஒருவர் இல்லை. கேசிகா இப்போது என்னோடு மிகவும் ஒட்டுதலாக இருக்கிறாள். "நீங்கள் ஒராள்தான் மம்மா எனக்குப் பொய் சொல்லாத ஆள்," என்று நேற்றும் சொன்னாள். அவளுடைய அப்பாவுக்காக நான் எவ்வளவு செய்திருக்கிறேன் என்பது அவளுக்குத் தெரியாது.