மார்ஜரிக்கு எவ்வளவு சூடு

– அதைத்தான் சொல்றேன். இந்தக் காலத்து ஜனங்களுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு. பெத்த அப்பன் குளிர்ல வெறைச்சுக் கெடக்கான், பாம்புக்கு ஹீட்டர் பாய் விரிச்சு வைக்கிறாளுக. அந்தப் பாய்க்கு ஒரு டப்பா. டப்பாவுக்கு ஒரு ஒயர். அந்தக் காலத்துல எங்க வீட்டு நாய் வாசல்ல படுக்கும். யாராவது போய் அதுக்குக் குளிருதான்னு கேட்டோமா?

– வில்ஃப் ராசா, மொதல்ல வழியை விடுங்க. என் பிராணிக் கடையைப் பாதியில சாத்திட்டு ஓடி வந்திருக்கேன். போன்ல 'பாம்பு செத்துக்கிட்டிருக்கு, உடனே வா பெவ்'னு அழுதீங்க. இப்ப வாசல்லயே நிறுத்தி வச்சு ஊர் உலகத்தை ஏசிக்கிட்டு இருக்கீங்க.

– நான் ஒண்ணும் அழல. சளி.

– இந்த வீட்டுல ஒரு நாள் இருந்தா எனக்கும் பிடிச்சிடும். அய்யோ, வெளியிலயே தேவலாம் போல இருக்கே! ஹீட்டிங் வேலை செய்யலையா?

– ஏன் செய்யாம? நவம்பர் ஒண்ணாந்தேதி போடுவேன். எங்கப்பன் அப்படித்தான், நானும் அப்படித்தான். அதுக்கு முன்னாடி குளிர்னா இன்னொரு சுவெட்டரைப் போட்டுக்கணும்.

– மார்ஜரி எங்கிருந்து சுவெட்டர் போடும்?

– அதுக்குத்தான் கண்ணாடிப் பெட்டி, பாயி, பவிசு எல்லாம் இருக்கே. இந்தப் பக்கம் வா. முன்னறையில, ஜன்னலோரம். பாரு, எப்படிச் சுருண்டு கெடக்குன்னு. நாளைக்கு மத்தியானம் என் மவ ரோவினா வர்றா. இதை அவ கையில என்ன சொல்லிக் குடுப்பேன்?

– இருங்க, இருங்க. மூடியைத் தூக்கறேன். வா தங்கம்… ஏன் தண்ணிக் கிண்ணத்தைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு இருக்க? எத்தனை நாளா இப்படி?

– மூணு வாரமா. ரோவினா இதை இங்க விட்டுட்டு கடல் நடுவுல இருக்கிற எண்ணெய் மேடைக்குச் சமைக்கப் போனா பாரு, அன்னியிலேர்ந்து. அந்த மூலையை விட்டு நகரல. ரெண்டு தடவை எலி வச்சேன். நீ சொன்ன மாதிரியே உறைஞ்ச எலியைச் சுடுதண்ணியில போட்டு வெதுவெதுப்பாக்கி. மூஞ்சியைத் திருப்பிக்கிச்சு. பாம்புக்கு என் மச்சினி பேரை வச்சிருக்கா. மூஞ்சியைத் திருப்புறதும் அப்படியே என் மச்சினிதான்.

– மூச்சு சீரா இருக்கு. நாக்கை நீட்டுது. எதுக்கும் வயித்தைத் திருப்பிப் பாக்கணும். வாலை மட்டும் கொஞ்சம் பிடிங்க.

– மாட்டேன்.

– பல்லே தெரியாத சாது இது, ராசா. என் கடையில பொறந்தது. நான்தான் ரோவினாவுக்கு வித்தேன்.

– விஷம் இல்லேங்கறது உன் வாக்கு. பாம்பு சொல்லலையே.

– அப்ப மூணு வாரமா தண்ணி மாத்தினது யாரு?

– நான்தான். கரி அள்ளுற இடுக்கி இருக்குல்ல, அதால கிண்ணத்தைக் கவ்வி எடுப்பேன்.

– கடவுளே. சரி, நானே பாத்துக்கறேன்… ம். வயிறு சுத்தமா இருக்கு. எங்கயும் வெந்து போகல.

– வெந்து போறதா? குளிர்ல சாகுதுன்னுதானே உன்னைக் கூப்பிட்டேன்!

– அடியில பரப்பியிருக்கிற மரச்சீவலைத் தொட்டதுமே எனக்குச் சுருக்குன்னுச்சு. இருங்க, பையில துப்பாக்கி மாதிரி ஒரு தெர்மாமீட்டர் வச்சிருக்கேன். பாய் இருக்கிற பக்கம் காட்டுவோம்… நாப்பத்தேழு.

– நாப்பத்தேழு என்ன?

– டிகிரி. உங்க தேத்தண்ணி ஆறினா அந்தச் சூடு இருக்கும். அதுமேல எந்தப் பாம்பு படுக்கும்? அதான் எதிர் மூலையில போய் ஒண்டிக்கிட்டு இருக்கு. நோயும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஒரு பக்கம் அடுப்பு, ஒரு பக்கம் ஐஸு. எனக்கே சோறு இறங்காது.

– முப்பத்திரண்டுன்னுதானே டப்பாவுல வச்சிருக்கு? அவ வச்சிட்டுப் போன நம்பர். என் விரல்கூட அதுமேல படல, கேட்டுக்க.

– நம்பர் சரிதான். ஆனா டப்பாவுக்கு என்ன தெரியும்? ஒயர் நுனியில சூடு பாக்கிற சின்னக் குமிழ் இருக்கு பாருங்க, அது எதைத் தொட்டுக்கிட்டு இருக்கோ அதுதான் அதுக்கு உலகம். குமிழ் எங்க இருக்கணும்? பாய்க்கு நேர் மேல, சீவலுக்கு அடியில. இங்க எங்க ஒட்டியிருக்கு? ஜன்னல் பக்கம், குளிர்ந்த கண்ணாடியில. அங்க பதினேழு. டப்பா பாவம் 'இன்னும் முப்பத்திரண்டு வரல, இன்னும் வரல'ன்னு பாயைச் சூடேத்திக்கிட்டே இருக்கு. அது எந்தக் காலத்துலயும் வராது.

– எங்க பட்டறையிலயும் இதே கூத்துதான். முப்பது வருஷம் கொதிகலன் பாத்தவன் நான். ஆபீசுல உக்காந்து டயலைப் பாத்துட்டு 'எல்லாம் சரியா இருக்கு'ம்பானுக. இங்க குழாய் சிவந்து நிக்கும்.

– அப்படிப்பட்டவர் இதை எப்படி விட்டீங்க? யாரு இதை இங்க ஒட்டினது?

– வெளிக் கண்ணாடியில ஒரே தூசி. இரு, துடைக்கறேன்.

– வில்ஃப்?

– நான்தான்.

– நீங்களா!

– தண்ணி மாத்தும்போது விழுந்துச்சு. எடுத்து ஒட்டினேன்.

– பெட்டிக்குள்ள கையை விட மாட்டேங்கறீங்க. கறுப்பு டேப்பை இவ்வளவு நறுவிசா ஒட்டியிருக்கீங்களே. இதுவும் இடுக்கியாலயா?

– இடுக்கியாலதான். ஏம்மா, நீ பாம்பைப் பாக்க வந்தியா, போலீசு விசாரணைக்கு வந்தியா?

– கோவம் வராம என்ன செய்யும்? அந்தப் பொண்ணு கடைக்கு வந்து 'எங்கப்பாகிட்ட விட்டுட்டுப் போறேன் பெவ்'னு எவ்வளவு சந்தோசமாச் சொன்னா தெரியுமா? ஒயரைத் தொட்டா தொட்டேன்னு எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமில்ல?

– அப்படியா சொன்னா? சந்தோசமா?

– பின்ன? ஏன் அப்படி முழிக்கிறீங்க?

– ஏழு வருஷம், பெவ். ஒரு கிறிஸ்துமஸ் கார்டு கிடையாது. திடீர்னு போன மாசம் வாசல்ல வந்து நிக்கிறா, பெட்டியும் பாம்புமா. 'மூணு வாரம் பாத்துக்கறீங்களா'ன்னு. அவ அம்மா செத்ததுக்கப்புறம் என்னை அவ கேட்ட முதல் காரியம் இதுதான். பாம்பா இருந்தா என்ன, முதலையா இருந்தாத்தான் என்ன? வாங்கி வச்சிக்கிட்டேன்.

– ஏழு வருஷமா எதுக்குப் பேசல?

– கல்யாண விருந்துல எல்லாரும் நாலு வார்த்தை பேசுன்னாங்க. எந்திரிச்சேன். 'மாப்பிள்ளை மூஞ்சியைப் பாத்தா ஒரு குடையைக்கூட இரவல் குடுக்கத் தோணல'ன்னேன். அவன் ஆத்தா அப்பன் எல்லாம் முன்வரிசையில உக்காந்திருக்காங்க.

– அவன்தான் ரெண்டே வருஷத்துல ஓடிட்டானே! நீங்க சொன்னது சரியாத்தானே போச்சு?

– அதான் வினை. தப்பா இருந்திருந்தா மன்னிச்சிருப்பா.

– அட ராசா…

– அதெல்லாம் விடு. திட்டணும்னா இங்கயே திட்டி முடிச்சிடு. ஆனா ஒண்ணு. அவகிட்ட நான்தான் சொல்லுவேன். நீ வாயைத் திறக்கக் கூடாது.

– சரி சரி. ஆனா ஒண்ணுதான் எனக்கு இடிக்குது. மூணு வாரம் இரவும் பகலும் இந்தச் சூடு ஓடியிருந்தா இந்தப் பெட்டியே வெந்திருக்கும். சிலது சூட்டுமேல படுத்து வயிறு வெந்தாலும் எந்திரிக்கத் தெரியாது. இதுக்கு ஒரு கொப்புளம்கூட இல்லையே?

– இரவும் பகலும் எங்க ஓடுச்சு? வெளிய போனா பிளக்கைப் பிடுங்கிடுவேன். படுக்கப் போகும்போதும் பிடுங்கிடுவேன். ஆள் பாக்காதப்ப இந்த வீட்டுல கரண்டு ஓடக் கூடாது. டீவிக்கும் அதான், பாம்புக்கும் அதான்.

– ரோவினா எழுதி ஒட்டியிருக்கிற தாள்ல 'எக்காரணம் கொண்டும் அணைக்காதீங்க'ன்னு இருக்கே. அடியில மூணு கோடு வேற போட்டிருக்கா.

– பாத்தேன். கேக்கல.

– ராத்திரியெல்லாம் குளிர்ல என்ன பண்ணுச்சு?

– என் கம்பளியை எடுத்துப் பெட்டிமேல போத்திடுவேன்.

– அப்ப நீங்க எதைப் போத்திக்கிட்டீங்க?

– சொன்னேனே, சளின்னு.

– வாங்க இங்க, ஒரு முத்தம் குடுக்கறேன்.

– தள்ளி நில்லு!

– அவ சொன்ன பேச்சை நீங்க கேட்டிருந்தா இந்நேரம் இது பொசுங்கியிருக்கும், வில்ஃப். பிடிவாதக்கார மனுஷன் கையில இருந்ததாலதான் பொழைச்சிருக்கு. தள்ளுங்க, டேப்பைப் பிரிக்கறேன். சீவலை ஒதுக்கி… பாய்க்கு நேரா, தரைக் கண்ணாடியில… இப்படி அழுத்தி ஒட்டணும். சும்மா வச்சா பாம்பு இழுத்துட்டுப் போயிடும். மேல சீவலைப் பரப்பியாச்சு. இப்ப டப்பாவைப் பாருங்க.

– என்னத்தைப் பாக்க… ஏய், சிவப்பு விளக்கு அணைஞ்சிடுச்சு!

– அணையும். போதுமான சூடு இருக்குன்னு இப்பத்தான் அதுக்கு உறைச்சிருக்கு.

– மூணு வாரத்துல அது அணைஞ்சு நான் பாத்ததே இல்ல. எரிஞ்சுக்கிட்டே இருக்கிறதுதான் அதோட குணம்னு நெனைச்சேன்.

– கெட்டில் போடுங்க. அரை மணி நேரம் பாத்துட்டுத்தான் போவேன்.

– இஞ்சி கேக்கு இருக்கு. ரோவினாவுக்குன்னு வாங்கினது. ஓரத்துல ஒரு துண்டு வெட்டிக்க, பெரிசா வெட்டாதே.

– மனசு தாராளம்தான்… நாப்பத்தொண்ணு. இறங்குது பாத்தீங்களா?

– அந்தத் துப்பாக்கி சொல்றதுதானே. அது சரியா சொல்லுதுன்னு எந்தத் துப்பாக்கி சொல்லும்?

– முப்பத்தாறு. தேத்தண்ணியைக் குடிங்க, ஆறிடப் போகுது.

– ஆறட்டும்.

– முப்பத்துமூணு. ஸ்ஸ்… அசையாதீங்க. அங்க பாருங்க.

– கிண்ணத்தை விட்டுடுச்சு.

– ம்.

– பெவ், அது வருது. பாய்ப் பக்கம் வருது! தலையைத் தூக்கி என்னைப் பாக்குது பாரு. என்னடி மார்ஜரி, இப்ப கதகதன்னு இருக்கா? எங்களை இந்தப் பாடு படுத்திட்டியேடி!

– இனி பயமில்ல. இன்னிக்கு எலி வைக்காதீங்க. ரெண்டு நாள் போகட்டும், தானா வாங்கிக்கும். நீங்க ஏன் கண்ணாடியில மூக்கை ஒட்டிக்கிட்டு நிக்கறீங்க?

– கிட்டப் பாக்கறேன். ஒரு நிமிஷம் உக்காந்துக்கறேன்.

– உக்காருங்க… போன் அடிக்குது. ரோவினாதான். உங்களுக்குத்தான் காது மந்தமாச்சே, ஸ்பீக்கர்ல போட்டு மேசைமேல வைக்கறேன். பேசுங்க.

– அப்பா? ரோவினா பேசறேன். அபர்டீன்ல கரை இறங்கிட்டேன். மார்ஜரி எப்படி இருக்கு?

– இருக்கு. உசுரோட இருக்கு. பெவ் இங்கதான் இருக்கா, வந்து பாத்தா.

– பெவ்வா? ஏன், என்ன ஆச்சு?

– ஒண்ணும் ஆகல. சாப்பிடாம கெடந்துச்சு. கேட்டுக்க, அந்தக் குமிழை நான்தான் எடுத்துக் குளிர்ப் பக்கம் ஒட்டிட்டேன். அதனால பாய் ரொம்பச் சூடேறிப் போச்சு. இப்ப பெவ் சரி பண்ணிட்டா. காயம் கீயம் எதுவும் இல்ல. என் தப்பு.

– நீங்க… எடுத்து ஒட்டினீங்களா?

– ஆமாங்கறேன்ல. திட்டறதா இருந்தா வந்து திட்டு.

– திட்டலப்பா.

– பின்ன என்ன?

– நாளைக்கு மத்தியானம் அங்கயே சாப்பிடட்டுமா? ரெண்டு நாள் இருந்துட்டுப் போறேன்.

– இரேன். யாரு வேணாம்னா? ஆட்டுக்கறியும் உருளைக்கிழங்கும்தான் இருக்கும், சொல்லிட்டேன். எண்ணெய் மேடைச் சமையலெல்லாம் இங்க எதிர்பாக்காதே.

– சரிப்பா.

– பெவ், நீ பேசு. கறிக்கடை சாத்துறதுக்குள்ள போகணும். அந்த டப்பா என்ன சொன்னாலும் நான் நம்ப மாட்டேன், ஆமா. இன்னிக்கு முப்பத்திரண்டும்பான், நாளைக்கு வேற எதையாவது சொல்லுவான். ஒயரை ஒட்டிப் பொழைப்பு நடத்துற உங்களுக்கு வேணா அது சாமி. எனக்கு இல்ல.

– கழுத்துக்குத் துண்டைச் சுத்திக்கிட்டுப் போங்க, வில்ஃப்! எங்க கேக்கறார்… கதவை அறைஞ்சு சாத்திட்டுப் போயாச்சு. ரோவினா கண்ணு, அவர்மேல கோவப்படாதே. ஏதோ தெரியாம மாத்திட்டார்.

– அவர் எதையும் மாத்தல, பெவ். குளிர்ப் பக்கம் ஒட்டினது நான்தான். எப்பவும் அங்கதான் ஒட்டுவேன். என் ஃபிளாட்டுல எல்லாப் பக்கமும் ஒரே சூடு, அதனால இத்தனை வருஷமா தப்புன்னே தெரியல. எங்கப்பா வாயிலேர்ந்து பொய் வந்து நான் கேட்டதே இல்ல. எனக்குத் தெரியும்னு அவர்கிட்ட சொல்லிடாதீங்க.